தளவாய் பிடித்த கோட்டை

தாம் பிடிக்க முடியாத கோட்டையே இல்லை என்பது அந்தப் பாளையத்துத் தளவாயின் பெருமை. பாளையக்காரரின் சபை நடுவே கோட்டை ஆட்டக் கட்டத்தை விரித்து, "காய் நகர்த்தி என்னை எவனாவது தடுக்கட்டும். தடுக்க ஆளில்லை என்றால் நாளைக்கே மலைக்கோட்டை மேல் படையெடுப்பு" என்றார்.

சபையார் கட்டத்தை விட்டுப் பின்னுக்கு நகர்ந்தார்கள். அவருக்குப் பல்லக்குத் தூக்கும் சொரிமுத்து, காய்ப்பேறிய தோளைத் தடவிக்கொண்டான். அவரை மலைமேல் சுமக்கப்போவது அவன்தானே.

"நான் ஆடுறேன் சாமி."

கட்டத்தில் மூன்று மதில். பிடித்த வாசலில் காவல் வைத்துவிட்டுத்தான் மேலே போகலாம் என்பது ஆட்டத்தின் முறை. சொரிமுத்து வெளிமதிலில் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் பின்வாங்கினான். நடுமதிலிலும் அப்படியே. தளவாய் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வாசல் தாராளமாகக் காவல் வைத்தார். உள்மதிலுக்கு வந்தபோது அவருக்கு ஒரே ஒரு காய் மிச்சம். எதிரே சொரிமுத்துவின் காய்கள் மொத்தமும் நின்றன.

"என் படை எங்கேடா?"

"நீங்க ஜெயிச்ச வாசல்ல எல்லாம் காவல் நிக்குதுங்க சாமி."

பாளையக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். படையெடுப்பு நின்றது.

"ஓடி ஓடி ஒளிஞ்சியே, இது வீரமாடா?" என்றார் தளவாய்.

"வீரம் இல்லீங்க. அலுப்பு."

தளவாய் விருட்டென்று எழுந்து பல்லக்கில் ஏறினார். ஜெயித்தவன் தோள்மேல் தோற்றவர் வீடு போய்ச் சேர்ந்தார். கனம் மட்டும் குறையவில்லை.