நனைந்த கூரை

சயாம் மரண ரயில்பாதைக்காக எழுப்பிய அருங்காட்சியகத்தில் அந்தப் பலகையைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். ‘வீரையன், மலாயாத் தோட்டத் தொழிலாளி. 1943இல் ஜப்பானியச் சிப்பாய்கள் உயிரோடு எரித்துக் கொன்றனர்.’

வீரையனின் மகள் தெய்வானை பலகையின் கீழே பூ வைத்தாள். அவளை வளர்த்த சித்தப்பா சடையனுக்கு எழுபது வயது. பலகையை இரண்டு முறை படித்தார்.

“இது பொய், தாயி. உங்கப்பனை நான்தான் கொன்னேன்.”

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார்.

அண்ணனையும் தம்பியையும் ஜப்பானியர் கொண்டுபோன ரயில்பாதை முகாமில் காலரா கண்டிருந்தது. நோயாளிகள் ஐந்து பேரைக் கொட்டகையில் போட்டு எரிக்கச் சொன்னான் சிப்பாய். கெஞ்சிய ஒருவனின் பற்களைத் துப்பாக்கிக் கட்டையால் சிதறடித்தான். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. பேச்சுச் சத்தம் கேட்டாலே அடித்தான். தீப்பந்தம் கங்காணி அங்கமுத்துவின் கைக்குப் போனது. தினமும் பிரம்பால் தொழிலாளிகளின் முதுகை உரித்தவன், அவனா தயங்குவான்?

அந்த ஐவரில் ஒருவனான தன் அண்ணன் வீரையனைச் சடையன் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே கிடத்தினார். வீரையன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். “உசிரோட எரிய விட்றாதடா.”

மூலையில் மண்வெட்டி கிடந்தது. முதல் அடியில் அண்ணன் சாகவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான். மூன்றாவதில் மண்டை பிளந்தது.

சடையன் வெளியே வந்ததும் கங்காணி நெருப்பு வைத்தான், சாரல் அடித்துக் கூரை ஊறிப்போயிருந்த பக்கத்தில். ஓலை புகைந்தது. காலராவுக்குப் பயந்த சிப்பாய் புகையைக் கண்டதும் போய்விட்டான். நெருப்பு தானாக அவிந்தது. உள்ளே நால்வர் உயிரோடு கிடந்தார்கள்.

கங்காணி சடையனை ஓங்கி அறைந்தான். “மடப்பயலே, நனைஞ்ச பக்கமாப் பாத்துத்தானடா வச்சேன்!”

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா என் பல்லு இருக்குமா?”

சடையன் நிறுத்தினார். தெய்வானை கேட்டாள்: “அப்ப யாரு பேரை எழுதச் சொல்ற சித்தப்பா?”

உத்தரவிட்ட சிப்பாயா, வாய் திறக்காத கங்காணியா, மண்வெட்டி எடுத்த தம்பியா? வீரையனைக் கொன்றது யார்?

விடை: சிப்பாய்தான். நெருப்பா மண்வெட்டியா என்று ஒரு தம்பியை நிறுத்தியது அவன் உத்தரவு. கங்காணியின் பயம் கொலை ஆகாது. அவனை நம்பாதது சடையனின் பிழையும் ஆகாது. பிரம்படி பட்ட முதுகுக்கு அவனை நம்ப வழியில்லை. தெய்வானையும் இதையே சொன்னாள். ‘உயிரோடு எரித்து’ என்ற இரண்டு சொற்களை மட்டும் நீக்கச் சொல்லிவிட்டு, சித்தப்பாவின் கையைப் பிடிக்கப் போனாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.