பன்னிரண்டு முட்டைக்குத் தாயான கொம்பையா

கூழையன்குளத்துக்காரர்களைப் பற்றி வெளியூரில் ஆயிரம் சொல்வார்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள், அவர்களிடம் உள்ள கோளாறு அது ஒன்றுதான்.

கொம்பையாவையே எடுத்துக்கொள்வோம். அவன் மனைவி முப்பிடாதி சந்தைக்குக் கிளம்பும்போது, முற்றத்தில் மேய்ந்த தன் கோழிக்குக் காவலாக அவனை ஒரு கல்லில் உட்காரவைத்து, நான் வரும்வரை இந்தக் கல்லை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிப் போனாள். கொம்பையா நகரவில்லை. கீரி வந்தது, கோழியின் கழுத்தைப் பிடித்தது, அவன் கண்ணெதிரே இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டியது. அப்போதும் நகரவில்லை. அவள் திரும்பி வந்ததும், தான் இம்மியும் அசையவில்லை என்று பெருமையாகச் சொன்னான்.

முப்பிடாதி அன்றைக்கே துணிமணியை மூட்டை கட்டினாள். "இந்த முத்தத்துல கோழிக்குஞ்சு சத்தம் கேக்குதுன்னு சேதி வரட்டும், அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி அப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குச் சமைக்கத் தெரியாது என்பது ஒரு காரணம். ஆனால் உண்மையிலேயே ஏங்கிப்போனான், பாவம். அவள் கொடியில் விட்டுப்போன பழைய சேலையை மடிப்பான், பிரிப்பான், மறுபடி மடிப்பான். பொழுது அப்படியே போயிற்று.

அவனுக்கு மூன்று கூட்டாளிகள். ஆவுடையப்பன் எழுத்துக்கூட்டி வாசிப்பான், அதனால் ஊருக்கே அறிவாளி. பலவேசம் எதிலும் சந்தேகம் கேட்பான். மூக்காண்டி, யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம். மூவரும் கூடிப் பேசி, தொலைதூரத்துக் கோழிப்பண்ணை ஒன்றுக்குக் கடிதம் போட்டு, குஞ்சு பொரிக்கும் முட்டை பன்னிரண்டைக் கொம்பையா பேருக்கு வரவழைத்தார்கள்.

தபால்காரர் கொண்டுவந்த பெட்டியின் மேல் 'உடையும் பொருள்' என்று எழுதியிருந்தது. நால்வரும் சுற்றி உட்கார்ந்து அது உடைவதற்காகக் காத்திருந்தார்கள். வெயில் சாய்ந்தும் உடையவில்லை. எத்தனை மணிக்கு என்று போடவில்லையே என்று பலவேசம் குறைப்பட்டான். கடைசியில் கொம்பையா பொறுக்கமாட்டாமல் பெட்டியைத் திறந்தான். உமிக்குள் பன்னிரண்டு முட்டையும் ஒரு தாளும் இருந்தன.

பயணம் செய்து வந்த முட்டைகளுக்கு ஒருநாள் ஓய்வு தரவும் என்றது தாளின் முதல் வரி. பாய் விரித்து முட்டைகளைப் படுக்கவைத்தார்கள். எந்தப் பக்கம் தலை என்று பிடிபடாததால் இரண்டு பக்கமும் தலையணை வைத்தார்கள். தெருவில் கூவி வந்த உப்பு வியாபாரியை, அசதியில் தூங்குகிறார்கள், நாளைக்கு வாரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் ஆவுடையப்பன் அடுத்த வரியை வாசித்தான். அடைக்கோழி இல்லாதவர்கள் முட்டைகளை முப்பத்தேழரை டிகிரிச் சூட்டில் வைக்க வேண்டுமாம். அதற்குக் கீழே, 'இருபத்தொரு நாளும் அவற்றுக்கு நீங்களே தாய்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"பார்சல் கொம்பையா பேருக்குத்தான வந்திருக்கு. அப்ப அவன்தான் தாய்" என்றான் ஆவுடையப்பன்.

மறுத்துப் பேச அதில் ஒன்றுமில்லை. முட்டைகளை முப்பிடாதியின் சேலையில் முடிந்து, கொம்பையாவின் வயிற்றோடு கட்டி, அவனைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

சுகாதார நிலையத்து நர்சம்மா அவன் சூட்டை அளந்து, முப்பத்தேழு, ஒரு குறையும் இல்லை என்றார். குறை இருந்தது, அரை டிகிரி. அதைச் சூட்டுப் பண்டம் கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. பப்பாளியை மிஞ்சிய சூடு கிடையாது என்று மூக்காண்டி ஒரு பழத்தோடு வந்து நின்றான்.

"ஏலே, பிள்ளைத்தாய்ச்சிக்கு எவனாவது பப்பாளி குடுப்பானா?" என்றான் பலவேசம்.

மூக்காண்டி பழத்தை வேலிக்கு வெளியே வீசினான். நல்லவேளை, பலவேசம் இருந்தான். கருவாடும் எள்ளுருண்டையும் போதுமென்று தீர்மானித்தார்கள். மாங்காய் தின்னத் தோன்றுகிறதா என்று மட்டும் அடிக்கடி விசாரித்தார்கள். மூன்றாம் நாள் கொம்பையா தானாகவே கேட்டான்.

தினமும் மூன்று முறை திருப்பிவிடவும் என்றும் தாளில் இருந்தது. முட்டைகள் கொம்பையாவோடு சேர்ந்து இருந்தபடியால் கொம்பையாவையே திருப்பினார்கள். காலையில் இடப்பக்கம், மத்தியானம் வலப்பக்கம், சாயங்காலம் மல்லாக்க. ஒரு தும்மலில் மூன்று முட்டை போயிற்று. மூக்காண்டி பாசம் தாளாமல் கட்டிப்பிடித்ததில் இரண்டு போயிற்று. கொம்பையா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அழுதான். மீதி ஏழும் போய்விட்டால் முப்பிடாதி வரவே மாட்டாளே என்ற பயத்தில், அதன்பிறகு மூக்கைப் பிடித்தபடியே படுத்திருந்தான்.

பத்து மாதத்துக்கு ஏழாம் மாதம் வளைகாப்பென்றால் இருபத்தொரு நாளுக்கு எத்தனையாம் நாள்? ஆவுடையப்பன் சுவர் முழுக்கக் கரிக்கோடு போட்டு, பதினைந்து என்று கண்டுபிடித்தான். கண்ணாடி வளையல் கொம்பையாவின் கைக்கு நுழையவில்லை, வேப்பிலைக் காப்பு மட்டும் போட்டார்கள். ஐந்து வகைச் சோறு ஆக்கினார்கள். ஐந்தும் புளிச்சோறு. மூக்காண்டிக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வளைகாப்பு முடிந்தால் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டுமே என்று பலவேசம் கிளப்பினான். கடைசி நாட்களில் அசைக்கக் கூடாது என்று தாளில் இருந்தது. அதனால் பெற்ற பிறகு அனுப்பலாம் என்றான் ஆவுடையப்பன்.

கொம்பையா மூக்கைப் பிடித்தபடியே கேட்டான். "முப்பிடாதி வரும்போது நான் இங்க இருக்க வேண்டாமா?"

"உன் ஆசை இருக்கட்டும்டே. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றான் ஆவுடையப்பன்.

சொல் தட்டும் வழக்கம் கொம்பையாவுக்கும் இல்லை.

இருபத்தொன்றாம் நாள் காலையில் சேலைக்குள் கீச் என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. ஏழும் தவறாமல் பொரிந்தன. கொம்பையா சந்தோஷத்தில் விம்மியபடி அவற்றை முற்றத்தில் விட்டான். அவன் நடந்தால் ஏழும் பின்னாலேயே நடந்தன, அவன் நின்றால் ஏழும் நின்றன. மூக்காண்டி பால்வண்டிக்காரரிடம் சேதி சொல்லி முப்பிடாதிக்கு அனுப்பினான்.

முற்றத்தில் குஞ்சுச் சத்தம் என்றதும் முப்பிடாதிக்குக் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் வந்து முன்படி வழியாக இறங்கினாள். பின்படி வழியாக ஒருவன் ஏறினான். பச்சை உடம்புக்குக் காற்றுப் பட்டுவிடாமல் காதோடு துணியைக் கட்டியிருந்தான், இடுப்பில் ஒரு ஓலைக்கூடை. அது அவள் புருஷன்தான்.

"எங்க போறிய?" என்றாள் முப்பிடாதி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு.

"எங்க அம்மை வீட்டுக்கு." கொம்பையாவின் கண் கலங்கியது. "பெத்த உடம்பு முப்பிடாதி. மூணு மாசம் கழிச்சு நீதான் வந்து கூட்டிட்டுப் போகணும். நடுவுல வந்து பிள்ளைகளைப் பாத்துட்டுப் போ."

பஸ் கிளம்பிவிட்டது. கூடையின் கீச்சுச் சத்தம் வளைவு திரும்பும்வரை கேட்டது. முப்பிடாதி திரும்பினால், எதிரே மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று முகத்திலும் அப்படியொரு பூரிப்பு.

"ஏழும் சுகம், தாயும் சுகம்" என்றான் ஆவுடையப்பன். "தகப்பன்தான் சீனி குடுக்கணும். குடுங்க மதினி."

பலவேசத்துக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. தகப்பனை எப்படி மதினி என்று கூப்பிடுவது? மூவரும் சாலையோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். முப்பிடாதி மூட்டையோடு நின்றாள். பிறகு ஆவுடையப்பன் எழுந்து, மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மரியாதையாகக் கையை நீட்டினான்.

"சீனி எங்க, அண்ணாச்சி?"