செம்புமேட்டுப் பச்சை

"அந்தப் பிள்ளையை நான் வளக்கறதுல உங்களுக்கு என்னம்மா தடை?" என்று கேட்டார் நாகப்பன்.

குரு வாசலை எட்டிப் பார்த்தார். நாகப்பனைவிட அவர் வயதில் இளையவர். பெயர் அமிர்தவல்லி. ஆனால் நாகப்பன் தங்கியிருந்த அந்த மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மாதான். அவர் சரி என்றால்தான் அங்கே ஒரு ஆள் தங்க முடியும்.

வாசலில் ஒரு வேன் நின்றது.

நாகப்பனின் தம்பி காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். அவன் மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மிஞ்சியது ஆறு வயதுச் செவ்வந்தியும், அவள் கைவிட மறுத்த ஒரு வெள்ளாட்டுக் குட்டியும். இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்த ஊர்க்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இருட்டறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லேன்னா பொண்ணை அநாதை இல்லத்துல விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

குரு கேட்டார். "உங்க தம்பி உங்களுக்கு என்ன செஞ்சான்?"

"அம்மன் நகையைத் திருடினது நான்தான்னு, கோயில்ல சூடத்தை அணைச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணினான். ஊரே சேர்ந்து என்னைத் துரத்திச்சு. எங்கம்மா செத்தப்ப முகம் பாக்கக்கூட விடல."

"இப்ப?"

"அதையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டேன். என்னை அது ஒண்ணும் செய்யறதில்ல. நல்லாச் சாப்பிடறேன். நல்லாத் தூங்கறேன்."

நாகப்பனுக்குத் தம் பொறுமைமேல் கொஞ்சம் பெருமை உண்டு. மடத்துக்கு வந்து போகிற எல்லோரும் அந்தச் சத்தியக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். பால்காரர் பல தடவை கேட்டிருக்கிறார்.

"எங்கே ஒதுக்கி வச்சீங்க?" என்று கேட்டார் குரு.

"எங்கேன்னா?" என்றார் நாகப்பன்.

"பிள்ளையையும் ஆட்டையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று எழுந்தார் குரு.

மடத்துக்குப் பின்னால் செம்புமேடு. எந்தக் காலத்திலோ மலையைத் தோண்டிச் செம்பு உருக்கியவர்கள் கொட்டிவிட்டுப் போன கசடு அது. மண்ணிலேயே விஷம். எள் தூவினாலும் கொள் தூவினாலும் முளைத்த கையோடு கருகிவிடும்.

ஆனால் ஒரு செடி மட்டும் அங்கே தளதளவென்று நின்றது. அகலமான இலைகள். பூச்சி கடித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. அதன் பக்கத்தில், சோகை பிடித்தாற்போல் ஒரு குட்டைப் புல்.

குரு செவ்வந்தியிடமிருந்து கயிற்றை வாங்கினார். குட்டியை அவிழ்த்துவிட்டார்.

வந்த வழியெல்லாம் ஒன்றும் தின்னாத குட்டி நேரே அந்தச் செடியிடம் ஓடியது.

"அம்மா! பிடிங்க அதை!"

போன கோடையில் அந்தச் செடியைத் தின்று செத்த பசுவுக்குக் குழி வெட்டியவர் நாகப்பன்தான். அவர் பாய்வதற்குள் குரு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் பதறுறீங்க? செடி நல்லாத்தானே இருக்கு?"

"விடுங்கம்மா!"

"அந்த விஷம் அதை ஒண்ணும் செய்யல. எல்லாத்தையும் இலையில ஒதுக்கி வச்சுக்கிட்டுச் சௌக்கியமா நிக்குது."

குட்டி கழுத்தை நீட்டியது. செவ்வந்தி வீறிட்டாள்.

"செடி நல்லாத்தான் இருக்கும்! திங்கறது செத்துடும்!" என்று கத்தினார் நாகப்பன்.

கையை உதறிக்கொண்டு ஓடினார். குட்டியின் வாய்க்குள் விரலை விட்டு, கவ்விய இலையைப் பிடுங்கி எறிந்தார். குட்டி கத்தியது. அவருக்கு மூச்சு வாங்கியது.

பிறகுதான், தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். செவ்வந்தியைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

"அப்ப நான் இவளை வளக்கக் கூடாதாம்மா?"

குரு குனிந்து அந்தக் குட்டைப் புல்லை வேரோடு பிடுங்கினார். வேர் கறுத்து, முடிச்சு முடிச்சாகக் கன்றிப்போயிருந்தது. மேலே இருந்த தாளை மட்டும் கிள்ளிக் குட்டியிடம் நீட்டினார்.

நாகப்பன் தடுக்க எழுந்தார். அதற்குள் குட்டி தின்றுவிட்டது.

"பயப்படாதீங்க. மடத்து ஆடுங்க தினம் திங்கற புல்லுதான். இதுவும் அதே மண்ணுல நிக்குது. வர்ற விஷத்தை வேரோட நிறுத்திக்குது, மேல ஏற விடறதில்ல."

"வேர் நோகாதாம்மா?"

"நோகும்."

வாசலில் ஹார்ன் அடித்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

செவ்வந்தி குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாகப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியப்பா, எங்கப்பா கெட்டவராம். வேன்ல அந்த மாமா சொன்னாரு. நிஜமா?"

நாகப்பன் வாயைத் திறந்தார். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய கதை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவர் அதை விழுங்கினார்.

குரு அவரைப் பார்க்கவில்லை.

"உங்கப்பன்..."

மறுபடியும் ஹார்ன்.

"உங்கப்பன் கெணத்துல குதிச்சான்னா, அடி மண்ணை ஒரு கை அள்ளிக்கிட்டுத்தான் மேல வருவான். எங்க ஊர்ல வேற யாராலயும் அது முடியாது."

"உங்களாலயும் முடியாதா?"

"என்னாலயும் முடியாது."

வந்ததிலிருந்து முதல் தடவையாகச் செவ்வந்தி சிரித்தாள். அது அவள் அப்பாவின் சிரிப்பு.

நாகப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நோகுதும்மா" என்றார்.

குரு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"நீங்க கிளம்பலாம். பொண்ணு இங்கயே இருக்கட்டும்."