வாசனையில் வந்த சேதி

எந்த நாடு, எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாவுக்கு ஒன்று தோன்றினால் ஊரே அல்லோலகல்லோலப்பட்ட காலம், அவ்வளவுதான். ஒற்றர்கள் ஓலையைத் திருடிப் படிக்கிறார்கள் என்று அந்த ராஜாவுக்குக் கோபம். “இனி ஓலையே கூடாது, சேதியெல்லாம் வாசனையில்தான்!” என்று உத்தரவு போட்டுவிட்டார். மல்லிகை என்றால் ‘உடனே வா’. சாம்பிராணி என்றால் ‘எல்லாம் நலம்’. பெருங்காயம் என்றால் ‘எதிரி வந்துவிட்டான்’.

அப்புறம் என்ன, கூத்துதான்! மகாராணி தலையில் பூ வைத்தாள். தளபதிகள் மூச்சிரைக்க அந்தப்புர வாசலில் வந்து நின்றார்கள். மடைப்பள்ளியில் ரசம் தாளித்தார்கள். கோட்டைக் கதவைச் சாத்தி முரசு கொட்டிவிட்டார்கள். அன்றோடு சமையலில் பெருங்காயத்துக்குத் தடை. சப்பென்ற ரசத்தைக் குடித்துவிட்டு, எது சேதி, எது சும்மா வாசனை என்று புரியாமல் அரண்மனையே திருதிருவென்று விழித்தது.

சபையின் விகடன் தத்தனும்தான் விழித்தான். மந்திரி மழவராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் அவர் வாய் கட்டிய கலயம் ஒன்றைச் சபையில் வைத்தார்.

“மன்னா, எல்லைக் கோட்டையிலிருந்து வந்த சேதி. எங்களுக்கு விளங்கவில்லை. தத்தன்தான் மகா புத்திசாலியாயிற்றே!”

“படி, தத்தா. தப்பாகப் படித்தால் உன் தலை உனக்கில்லை” என்றார் ராஜா.

தத்தன் திறந்து முகர்ந்தான். மூன்று வாசனையும் சேர்ந்து அடித்தது. எதிரி வந்துவிட்டான், எல்லாம் நலம், உடனே வா! ஐயோ, இது என்ன சேதி? எதிரி விருந்துக்கா கூப்பிடுகிறான்? மறுபடி முகர்ந்தான், குழப்பம்தான் கூடியது. அந்தக் குழப்பத்திலேதான் அவனுக்கு ஒன்று தோன்றியது.

“மன்னா, வாசனைதானே இப்போது ஓலை? ஓலை என்றால் எழுதியவர் கையொப்பம் இருக்க வேண்டுமே. தேடிப் பார்க்க அனுமதி தாருங்கள்.”

ராஜா தலையசைத்தார். சபையோரின் கைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனான் தத்தன். மழவராயர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீட்டும் கையை!” என்று ராஜாவே இறங்கி வந்து முகர்ந்தார். பெருங்காயம்! எத்தனை கழுவியும் போகவில்லை பாவம்.

“இப்போது படிக்கிறேன், மன்னா” என்றான் தத்தன். “எதிரி வந்துவிட்டான், எனக்குத்தான். உடனே வா, என்னைக் கூப்பிட்டது யமன். எல்லாம் நலம், அது தாங்கள் சிரித்தால்!”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மழவராயருக்குப் பதவி போயிற்று. தத்தனுக்கு முத்துமாலை கிடைத்தது.

“இன்னும் என்ன வேண்டும், கேள்!”

“ரசத்தில் பெருங்காயம், மன்னா.”

அன்று மத்தியானம் மடைப்பள்ளியிலிருந்து கமகமவென்று வாசனை வந்தது. ஒருவரும் முரசு கொட்டவில்லை. இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.