பாக்கி விழுந்த நாள்

"லாபம் எதனால மேடம் வருது? வட்டியாலயா, செலவைக் குறைக்கிறதாலயா?" என்று நாவரசு கேட்டார்.

பெரிய வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, பெண்களுக்குச் சின்னக் கடன் கொடுக்கும் வங்கியில் கிளை மேலாளராகச் சேர்ந்தவர் அவர். இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்க வந்த சுகிர்தா அவரைவிட இளையவள்.

"கூட்டம் முடியட்டும் சார்," என்றாள்.

மாதா கோயிலுக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வாரத் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அதுவரை யாரும் எழுந்து போகக்கூடாது. குழுக் கடனில் அது வழக்கம். அன்று வானரோஜா வரவில்லை.

நாவரசுக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆள் அனுப்பி வசூலிக்கும் செலவு மிச்சம்.

"நாம வாயே திறக்க வேணாம் மேடம். அவங்களே பாத்துப்பாங்க," என்றார். அவர் கிளையில் அதுவரை பாக்கியே விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

வெயில் ஏறியது. ஷூ கம்பெனி வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. பாதிப் பேருக்கு அன்றைய கூலி போச்சு.

"அவளுக்காக நாங்க தெண்டம் அழுவணுமா?" என்று குழுத் தலைவி தில்ஷாத் எழுந்தாள். எல்லோரும் அவள் பின்னால் போனார்கள்.

வானரோஜாவின் வீடு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"வெளிய வாடி. உள்ளதான் இருக்கேன்னு தெரியும்."

கதவு அதிர்ந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. சட்டென்று அழுகை நின்றது.

"சமாதானம் பண்ணிட்டா. இப்ப வந்துருவா. இன்னும் ரெண்டு தட்டு தட்டுங்கம்மா," என்றார் நாவரசு.

சுகிர்தாவின் முகம் வெளிறிப்போனது. முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய்க் கதவை மறித்து நின்றாள்.

"யாரும் தட்டாதீங்க. கூட்டம் முடிஞ்சிபோச்சு. வீட்டுக்குப் போங்க."

"அவ தவணை?" என்றாள் தில்ஷாத்.

"உங்ககிட்ட கேக்க மாட்டேன். போங்கம்மா."

முணுமுணுத்தபடி கலைந்தார்கள்.

"மேடம், பாக்கி விழுந்துரும்," என்றார் நாவரசு.

"விழட்டும். நீங்களும் தள்ளிப் போங்க சார்."

அவள் கதவில் வாயை வைத்து மெதுவாகப் பேசினாள்.

"வானரோஜா, எல்லாரையும் அனுப்பிட்டேன். இன்னைக்குப் பணம் வேணாம். கதவைத் திறக்காட்டியும் பரவால்ல. குழந்தை வாயிலருந்து கையை எடும்மா."

கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

"கையை எடு தாயி."

உள்ளே ஒரு இருமல் கேட்டது. பிறகு அழுகை. ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு நாவரசுக்கு உயிர் வந்தது அன்றைக்குத்தான்.

தாழ்ப்பாள் விலகியது. குழந்தையின் கன்னத்தில் தாயின் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"ஆளில்லன்னு நெனச்சிப் போயிடுவீங்கன்னுதான்," என்று சொல்லவந்தவள் முடிக்க முடியாமல் குழந்தையைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

சுகிர்தா தண்ணீர் கொடுத்து, இருவரும் தேறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தாள்.

நாவரசு தெருவைப் பார்த்தபடியே கேட்டார். "இப்பிடி விட்டா லாபம் எங்கேருந்து மேடம் வரும்?"

"அடுத்த வாரம் உங்க வண்டிச் சத்தம் கேட்டதும், அவ தாழ்ப்பாளைத் திறக்கிறாளா போடுறாளான்னு பாருங்க. அங்கேருந்துதான் சார்."