நேர்ச்சைச் சேவல்

இருட்டிய பிறகு சேவல் கூவியது.

மடத்துச் சமையற்கட்டில் அடுப்பருகே உட்கார்ந்திருந்த கெவோர்க் திடுக்கிட்டு நிமிர்ந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆர்மீனிய மலையில் அந்த நேரத்தில் காற்று ஊளையிடும், ஓநாய் ஊளையிடும். சேவல் கூவாது. மடத்தில் சேவலே கிடையாது.

"என்ன சாமி இது, அகாலத்தில்?"

"அதற்கு என்ன அவசரமோ," என்றார் மெஸ்ரோப் சாமி.

அன்று காலைவரை கெவோர்க்தான் நாட்டின் தலைவர். மத்தியானம் பதவியைத் துறந்தார். சாயங்காலம் தானே காரை ஓட்டிக்கொண்டு மலையேறினார். வாலிபத்தில் இதே மடத்தில், இதே சாமியிடம் படித்தவர். மாணவன் நாட்டுத் தலைவனாகி வந்தபோதும் சாமி "வா" என்றார். பதவியிலிருந்து இறங்கி வந்தபோதும் "வா" என்றார். முக்காலி ஒன்றைக் காலால் தள்ளிவிட்டார். அதோடு வரவேற்பு முடிந்தது. சாமியின் தோளில் வழக்கமான கம்பளி இல்லை. கிழவர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தார்.

"கதவு ஆடுகிறது. தாழ்ப்பாள் போடட்டுமா?"

"கொஞ்சம் பொறு."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"பதவியை ஏன் விட்டுவிட்டாய்?" என்று சாமி கேட்டார்.

"இருந்தால்தானே விடுவதற்கு."

சாமி சிரித்தார். "ஊரில் உன்னை என்ன சொல்கிறார்கள் தெரியுமா? நம் நாட்டுக்குத் தலை உண்டாம், கழுத்துக்குக் கீழேதான் ஒன்றுமில்லையாம்."

"அது பழசு. விருந்தில் எல்லாரையும் கோப்பை தூக்கச் சொல்கிறவன், அவன் கோப்பையில் மட்டும் தண்ணீர். இதுதான் புதுசு."

சொல்லிவிட்டுக் கெவோர்க் சரிந்த கட்டையை அடுப்புக்குள் தள்ளினார். வெளிநாடுகளில் தூதராகவே நரைத்தவர் அவர். எந்தக் கட்சிக்கும் எதிரியில்லை என்பதாலேயே நாடாளுமன்றம் அவரைப் பொறுக்கியெடுத்தது. மாளிகை கொடுத்தார்கள், கொடி கட்டிய கார் கொடுத்தார்கள். அதிகாரத்தை மட்டும் பிரதமர் வைத்துக்கொண்டார். வருகிற சட்டத்தில் தலைவர் கையெழுத்துப் போடலாம். பிடிக்காவிட்டால் நீதிமன்றத்தைக் கேட்கலாம். மாட்டேன் என்று சொல்ல முடியாது. போர் தொடங்கிய செய்தியைக் கார் ஓட்டுநர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். பிரதமர் எழுதித் தராமல் ஒரு கைதியைக்கூட மன்னிக்க இயலாது.

"அதுதான் சாமி என்னைத் தின்கிறது. நாரெக் என்று ஒரு பையன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எல்லைக் காவலிலிருந்து ஓடிவிட்டான். பயம், வேறொன்றுமில்லை. சிறையில் போட்டார்கள். நெஞ்சில் நோய். அவன் அம்மா ஷூஷன் என் மாளிகை வாசலில் வந்து நின்றாள், பிள்ளையை விட்டுவிடச் சொல்லி."

"நீ என்ன சொன்னாய்?"

"அதிகாரம் இல்லை என்றேன்."

"அவளிடமா?"

"காவலாளியிடம். அவன் போய்ச் சொன்னான்."

"மறுபடி வந்தாளா?"

"வந்தாள். அதையேதான் சொன்னேன்."

"அப்புறமும்?"

"அப்புறமும் அதையேதான்."

வெளியே மறுபடி சேவல் கூவியது. வேதம் படித்த மனிதர் கெவோர்க்; சேவல் கூவுமுன் மூன்று முறை ஆண்டவரை மறுதலித்த சீடனை நினைத்தார். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"பிரதமரிடம் பேசினேன், சாமி. இரண்டு முறை. பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். போன மாதம் பையன் சிறையிலேயே போய்விட்டான்."

"பேசியதை அவளுக்குச் சொன்னாயா?"

"பலிக்காத காரியத்தைச் சொல்லி என்ன பயன்?"

சாமி அடுப்புச் சாம்பலை ஓரமாக ஒதுக்கினார்.

"நீங்கள்தான் சொல்லவேண்டும். என் கையில் என்ன இருந்தது? சட்டப்படி ஒன்றுமில்லை. அப்படியிருக்க இது என் பாவமா?"

சாமி எழுந்தார். உப்புப் பானையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டார். அதன்மேல் சிலுவை வரைந்து மந்திரித்தார்.

"இது எதற்கு?"

"மறந்துவிட்டாயா? ஆட்டையோ சேவலையோ நேர்ந்துகொண்டு வருகிறவர்கள், மந்திரித்த உப்பை அதற்கு ஊட்டிய பிறகுதான் அறுப்பார்கள். அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைப்பார்கள். நீ வந்த கொஞ்ச நேரத்தில் கீழ்க் கிராமத்துப் பெண்பிள்ளை ஒருத்தி சேவலோடு வந்தாள். உள்ளே யார் என்று கேட்டாள். சொன்னேன். வாசல் வளைவுக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். 'அவர் இருக்கிற வீட்டில் எனக்கு வாசல்தான் பழக்கம்' என்றாள். என் கம்பளியைப் போர்த்திவிட்டு வந்தேன்."

கெவோர்க்கின் முகம் வெளுத்தது. "ஷூஷனா?"

"போய்ப் பார்."

"போய் என்ன சொல்வேன்? இப்போது பதவிகூட இல்லையே."

"அப்போது மட்டும் இருந்ததா?"

சாமி தட்டை நீட்டினார். கெவோர்க் வாங்கிக்கொண்டார்.

வளைவுக்கடியில் அவள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் சேவல். அதன் காலில் சிவப்பு நாடா. அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டவில்லை.

"நேர்ச்சை எதற்கு அம்மா?" வேறெதுவும் அவருக்குக் கேட்க வரவில்லை.

"பிள்ளை வீடு வந்து சேர்ந்தால் சேவல் தருகிறேன் என்று நேர்ந்திருந்தேன் ஐயா."

சேவலின் கழுத்தைத் தடவினாள்.

"வந்து சேர்ந்துவிட்டான். 'உயிரோடு' என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அவசரத்தில் நேர்ந்தது. ஆண்டவர் கேட்டதைக் கொடுத்துவிட்டார். நான் கடன் வைக்கலாமா?"

கெவோர்க் பனியிலேயே உட்கார்ந்தார். உப்பைத் தன் உள்ளங்கையில் கொட்டி நீட்டினார். சேவல் தயங்கித் தயங்கிக் கொத்தியது. ஒவ்வொரு கொத்துக்கும் உப்பு சிந்தியது. அவள் தன் கையை அவர் கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கினாள்.

"அவனுக்காக நான் பேசினேன், அம்மா," என்றார். "பிரதமரிடம். இரண்டு தடவை. பலிக்கவில்லை."

அவள் கை அப்படியே நின்றது.

"பேசினீர்களா?"

"பேசினேன்."

"அதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே ஐயா." அவள் உடைந்து அழுதாள். "என் பிள்ளைக்காகப் பேச இந்த நாட்டில் ஒரு நாதியும் இல்லை என்றல்லவா அவனை மண்ணில் போட்டேன்! கடைசியாக அவனைப் பார்த்தபோதும் அதைத்தானே சொன்னேன். நமக்கு யாருமில்லைடா, உன்னைக் கேட்க ஒருத்தருமில்லைடா என்று. அதைக் கேட்டுக்கொண்டுதானே போனான்."

கெவோர்க் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சேவல் வெறும் உள்ளங்கையைக் கொத்தியது.

அவள் அழுகை ஓய்ந்ததும் அவர் எழுந்தார். அவளையும் கைகொடுத்து எழுப்பினார்.

இருவரும் உள்ளே வந்தார்கள். சாமி தன் இடத்தை அவளுக்கு விட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். சேவல் சிறகை உதறியது. காற்றில் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கெவோர்க் அதன் பக்கத்தில் போய் நின்றார்.

"தாழ்ப்பாள் போடட்டுமா சாமி?"

"எல்லாரும் வந்தாகிவிட்டதா?"

கெவோர்க் வெளியே பார்த்தார். தாங்கள் வந்த காலடிகளின்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

"ஒருவன் வரமாட்டான், சாமி."

"அவனை வரவழைக்கிற அதிகாரம் ஒன்றுதான் உனக்கு இல்லாதது," என்றார் சாமி. "போடு."

கெவோர்க் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்.