தாய் வழியாக

“நான் சொன்னது பொய்யா மேடம்?”

இசக்கியப்பனுக்கு வயது ஐம்பது. இருபது வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி ஜெயசீலிக்கு முப்பத்தெட்டுதான்.

“என்ன சொன்னீங்க?”

“ஆஸ்பத்திரியில ஒரு ரிப்போர்ட்டை விளக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மூணு வயசுக் குழந்தை, மைட்டோகாண்ட்ரியா நோய்ல இறந்துபோச்சு. ‘யார் வழியா வந்துச்சு?’ன்னு குழந்தையோட அம்மா தங்கபுஷ்பத்தோட மாமியார் கேட்டாங்க. ‘தாய் வழியா’ன்னேன்.”

“அப்புறம்?”

“காரியம் முடிஞ்ச மறுநாளே தங்கபுஷ்பத்தைப் பொறந்த வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டாங்க. பிள்ளையத் தின்னவள்னு ஊரே சொல்லுதாம்.”

“உக்காந்து சொன்னீங்களா, நின்னுக்கிட்டா?”

“வராந்தாவுல நின்னுக்கிட்டுதான். ஏன்?”

ஜெயசீலி மேஜையில் கிடந்த இசக்கியப்பனின் ஆய்வேட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

“முதல் பக்கம். தமிழ்ல சொல்லுங்க.”

நாலு வருட உழைப்பு. இசக்கியப்பன் அதைத் திறக்கக்கூட இல்லை.

“விந்தணு நீந்தறதுக்குச் சக்தி தர்றது அதோட மைட்டோகாண்ட்ரியா. ஆனா விந்தணு வளரும்போதே அந்த மைட்டோகாண்ட்ரியாவோட ஒரு புரதத்துல சாவுக்குறி விழுந்துடுது. முட்டைக்குள்ள போனதும்...”

“போனதும்?”

“முட்டை அதை அழிச்சிடும்.”

“அப்பனோட மைட்டோகாண்ட்ரியாவுல பழுது இருந்தா?”

“அதுவும் சேர்ந்து அழிஞ்சுடும். பிள்ளைக்கு வராது.”

“அழிக்கிறது யாரு?”

அவர் குரல் இறங்கியது. “தாயோட முட்டை.”

“இதைச் சொன்னீங்களா?”

“அவங்க கேக்கல மேடம்.”

ஜெயசீலி எழுந்து இசக்கியப்பனின் பையை எடுத்துப்போய்க் கதவுக்கு வெளியே வைத்தார். “இப்பப் போய்ச் சொல்லுங்க.”

இசக்கியப்பன் முதலில் தங்கபுஷ்பத்தின் மாமியார் வீட்டுக்குத்தான் போனார். வாசலோடு சரி. மகனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வேனில் உட்கார்ந்திருந்த அந்த மகன் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எல்லாம் காலம் கடந்த வேலை என்று இசக்கியப்பனுக்குத் தெரிந்துபோயிற்று.

பஸ் பிடித்துத் தங்கபுஷ்பத்தின் ஊருக்குப் போனார்.

அவள் முற்றத்தில் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அவரை அடையாளம் தெரிந்தது. வாங்க என்று சொல்லவில்லை.

அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நீந்துவது, குறி, முட்டைக்குள் நடப்பது, ஒன்று விடாமல். வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக அவர் சொன்னதில்லை.

கத்தரிச் சத்தம் நின்றது.

“அப்ப அவுக ஒடம்புல என்ன பழுது இருந்திருந்தாலும் நான் தின்னுருப்பேன்.”

“ஆமாம்மா.”

அவள் கையிலிருந்த இலையை முறத்தில் வைத்தாள்.

“என் பழுதைத் திங்க யாரு இருந்தா சார்?”

இசக்கியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.